வீட்டில் ஒருவருக்குக் கேன்சர்: என்னென்ன உதவி இருக்கிறது, அதை எப்படிக் கேட்டு வாங்குவது

அம்மாவுக்குக் கீமோ தொடங்கிய நாளிலிருந்து நான்கு மாதம், ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் ஒரு கதவைத் தாண்டித்தான் போவோம். ‘மருத்துவ சமூகப் பணியாளர்’ என்று அதன் மேல் ஒரு பலகை. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான ஏதோ அலுவலகம் என்று நினைத்து ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஐந்தாவது மாதம், கையிருப்பு கரைந்து, தங்கியிருந்த அறையைக் காலி செய்ய வேண்டிய நிலையில், வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என்னிடம் ஒரு நர்ஸ்தான் அந்தக் கதவைக் காட்டினார். உள்ளே இருந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். நோயாளியோடு வருபவர்களுக்குக் குறைந்த வாடகையில் தங்குமிடம், பயணச் செலவுக்கு உதவி, மருந்துக்காக விண்ணப்பிக்க ஓர் அறக்கட்டளை, மனநல ஆலோசகர், எல்லாமே நாங்கள் பெயரைப் பதிவு செய்த நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கின்றன. “முதல் நாளே யாரும் சொல்லலையே” என்றேன். “யாராவது அனுப்பினாத்தாம்மா நீங்க இருக்கீங்கன்னே எங்களுக்குத் தெரியும்” என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உதவி படுக்கையைத் தேடி வராது. எது எது இருக்கிறது என்று தெரிந்து, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அதையும் நிலைமை முற்றிய பிறகு கேட்காமல் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்த வாரத்தில் டாக்டர் சொல்வதில் பாதி காதில் ஏறாது. அது எல்லோருக்கும் நடப்பதுதான், அதனால் தனியாகப் போகாதீர்கள். ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுத. ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், எல்லாம் அதிலேயே இருக்கட்டும்: நோயின் சரியான பெயர், எந்த நிலை, மருந்துகளின் பெயர், யார் என்ன சொன்னார்கள், அடுத்த தேதி. எங்கள் வீட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை மட்டும் எழுதி வைத்தோம், ராத்திரி தோன்றினாலும் எழுந்து எழுதுவது என்று. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் திறந்தது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான்.

அந்த முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். “எங்களுக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது?” “ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்றால் யாரை?” இரண்டாவதற்கு ஒரு எண் கையில் இல்லாமல் கீமோவைத் தொடங்காதீர்கள் என்று சொல்வேன். ஏனென்றால் கீமோவுக்குப் பிறகு, தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணுக்கள் குறையும், பெரும்பாலும் ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள் மிகவும் கீழே போகும், அந்தச் சமயத்தில் வரும் காய்ச்சலைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதைத் தொட்டாலே உடனே கூப்பிட வேண்டும். நாமாக ஒரு காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து அடக்கிவிட்டால் தொற்று இருப்பதே தெரியாமல் போய்விடும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கண்டிப்பாக இருக்கட்டும்.

சில மருத்துவமனைகளில் ‘நேவிகேட்டர்’ என்று ஒருவர் இருப்பார், வழிகாட்டி என்று சொல்லலாம். பரிசோதனையில் ஆரம்பித்து சிகிச்சை முடியும்வரை, எங்கே போவது, எது தாமதமாகிறது, எந்தத் தாள் குறைகிறது என்று கூடவே நின்று பார்ப்பவர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அறுவை மருத்துவராக இருந்த ஹெரால்ட் ஃப்ரீமேன், தன்னிடம் வரும் ஏழைப் பெண்கள் மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே வருவதைப் பார்த்துவிட்டு, 1990இல் தொடங்கிய முறை இது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. “இங்கே பேஷன்ட் நேவிகேட்டர் இருக்கிறாரா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆன்காலஜி (புற்றுநோய்ப் பிரிவு) நர்ஸ் ஒருவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம், தங்குமிடம், வேலை

இதற்கெல்லாம் சமூகப் பணியாளர்தான் முதல் கதவு. வெறுங்கையோடு போகாதீர்கள். பயாப்ஸி ரிப்போர்ட், டாக்டர் கையெழுத்திட்ட சிகிச்சைத் திட்டம், செலவு மதிப்பீடு, அடையாளச் சான்று, வருமானச் சான்று, காப்பீடு இருந்தால் அதன் தாள்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து நகல் எடுத்து ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இங்கே நாங்கள் செய்த தவறு, கையில் இருப்பது தீரட்டும், அப்புறம் கேட்போம் என்று இருந்தது. பல நிதியுதவிகள் ஏற்கெனவே கட்டிய பில்லுக்குக் கிடைக்காது, இனி வரப்போகும் செலவுக்குத்தான் கிடைக்கும். காப்பீட்டிலும் முன் அனுமதி வாங்க வேண்டிய சிகிச்சைகள் உண்டு. அதனால் சிகிச்சை முடிவான அன்றே விண்ணப்பம் போய்விட வேண்டும். விலை கூடுதலான மருந்து எழுதினால், அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனமே நோயாளிகளுக்கு உதவித் திட்டம் வைத்திருக்கிறதா என்று கேளுங்கள், பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, ஆனால் டாக்டரின் கடிதம் இல்லாமல் அது நகராது. காப்பீட்டில் மறுத்துவிட்டார்கள் என்றால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

வேலையில் இருப்பவர் என்றால், நோயாளிக்கும் சரி, பார்த்துக்கொள்பவருக்கும் சரி, விடுப்புக்கான மருத்துவக் கடிதத்தைச் சமூகப் பணியாளர் மூலம் கேட்டு வாங்கலாம். எத்தனை நாள் வர முடியாது, எந்த வேலை செய்ய முடியாது என்று அதில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பாலியேட்டிவ் கேர்: பயந்து ஒதுக்கக் கூடாத உதவி

இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் குடும்பமும் பயந்து தள்ளிப்போடுவது இதைத்தான். பாலியேட்டிவ் கேர், நோய்த்தணிப்பு சிகிச்சை, வலி நிவாரணப் பிரிவு, ஊருக்கு ஒரு பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் “அப்படின்னா கைவிட்டுட்டாங்களா?” என்றுதான் அம்மா கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்படி இல்லை. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே, குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை போய்க்கொண்டிருக்கும்போதே, கூடவே தர வேண்டியது இது. வலி, வாந்தி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை, பயம், குடும்பத்தின் குழப்பம், இவற்றைப் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்ற டாக்டரும் நர்ஸும் ஆலோசகரும் சேர்ந்த குழு. 2010இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிய நிலையிலிருந்த நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேரும் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் மனச்சோர்வு குறைவாக இருந்தது, அன்றாட வாழ்க்கை மேலாக இருந்தது, கடைசிக் காலத்தில் உடலை வருத்தும் சிகிச்சைகளும் குறைவு. அப்படியிருந்தும் அவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள்: இடைநிலை அளவில், அதாவது பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்த கணக்கில், 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். இதைப் படித்துச் சொன்ன பிறகுதான் அம்மா வரச் சம்மதித்தாள்.

வலியைப் பற்றி ஒரு விஷயம். அம்மாவிடம் டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன் டாக்டர்” என்பாள். வாய் அப்படிச் சொல்லும்போது அவள் வலது கை நாற்காலியின் விளிம்பை விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கும். ராத்திரி மூன்று மணிக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பல்லைக் கடித்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். பாலியேட்டிவ் நர்ஸ் வந்தபோது கேட்ட விதமே வேறாக இருந்தது. “வலி இருக்கா?” என்று கேட்கவில்லை. “நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? எந்தப் பக்கம் படுத்தா பரவாயில்லையா இருக்கு? சட்டை மாட்டும்போது கையைத் தூக்க முடியுதா? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க.” அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு “எட்டு” என்றாள். அதற்கு முந்தின நாள்வரை நோட்டில் நான் ‘வலி: சுமார்’ என்று எழுதியிருந்தேன்.

அதனால் எண்ணில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, எந்த மாதிரி வலி (குத்துகிறதா, எரிகிறதா, கனக்கிறதா), மாத்திரை போட்ட பிறகு எத்தனை குறைந்தது, திரும்ப எப்போது ஏறியது. மூன்று நாள் கணக்கு இருந்தாலே டாக்டருக்கு அளவைச் சரிசெய்ய வழி கிடைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 1986லேயே கேன்சர் வலிக்குப் படிப்படியான முறையைச் சொல்லிவிட்டது: முடிந்தவரை வாய்வழியாக, வலி வரும்வரை காத்திராமல் கடிகாரப்படி, வலியின் கடுமைக்கேற்ற மருந்து. இதில் ‘கடிகாரப்படி’ என்பதைத்தான் வீடுகளில் பிடிவாதமாக மீறுகிறோம், இப்போது வலி இல்லையே, மிச்சம் பிடிப்போம் என்று. மிச்சம் பிடிக்காதீர்கள். வலி ஒருமுறை ஏறிவிட்டால் இறக்குவது சிரமம். நேரத்துக்கு இடையில் திடீரென்று எழும் வலிக்கு என்ன செய்வது, தனியாக ஒரு டோஸ் உண்டா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் என்றதும் அடிமையாகிவிடுவார்களோ என்று உறவினர்கள் பேசுவார்கள். டாக்டர் கண்காணிப்பில் வலிக்காக எடுப்பவர்களுக்கு அது அவ்வளவாக நடப்பதில்லை. நாள்பட எடுத்தால் உடல் அதற்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆனால் பழகுவதும் அடிமையாவதும் ஒன்றில்லை. நிச்சயமாக வருவது மலச்சிக்கல். மற்ற பக்கவிளைவுகள் சில நாளில் தணியும், இது தணியாது. மார்ஃபின் எழுதும் அன்றே மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அம்மாவுக்கு ஆறு நாள் ஆன பிறகுதான் எங்களுக்கு இது உறைத்தது, அந்த ஆறாவது நாளை யாருக்கும் விரும்ப மாட்டேன்.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாக, பிறகு மருத்துவ சமூகப் பணியாளராக, அதற்கும் பிறகு டாக்டராக ஆனவர். ‘முழு வலி’ என்ற கருத்து அவருடையது: உடம்பில் இருப்பது பாதிதான், மனம், குடும்பம், பணம், ‘எனக்கு ஏன்’ என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் வலி. மகன் பேசாமல் இருக்கிறானே என்ற கவலையில் அம்மாவின் எட்டு ஒன்பதானதைப் பார்த்திருக்கிறேன். தம்பி வந்து இரண்டு நாள் கூட இருந்தபோது, மருந்தை மாற்றாமலே அது ஆறுக்கு இறங்கியது.

மனசுக்கு

வலிக்கு இருப்பது போலவே மனவேதனைக்கும் ஓர் அளவுகோல் உண்டு, படத்தில் தெர்மாமீட்டர் மாதிரி இருக்கும். கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு வேதனை என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் குறிக்கச் சொல்வார்கள். நான்கோ அதற்கு மேலோ என்றால் மேற்கொண்டு பேசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அழுவதும் பயப்படுவதும் இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, எழுந்திருக்கவே மனமில்லை என்று இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு சிகிச்சை இருக்கிறது, கேன்சர் மருந்தோடு சேர்த்தே தரலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், சும்மா சொல்கிறார் என்று விடாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆலோசகரிடம் போவதைவிட, இதே நோயைத் தாண்டி வந்த ஒருவரோடு பேசுவது சிலருக்கு அதிகம் பிடிக்கும். டெரீஸ் லாஸர் என்ற அமெரிக்கப் பெண் 1952இல் தன் மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அதே அறுவை செய்துகொண்ட மற்றப் பெண்களைத் தேடிப்போய் ஆஸ்பத்திரிப் படுக்கையருகில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அதிலிருந்துதான் ‘ரீச் டு ரிக்கவரி’ என்ற திட்டம் வளர்ந்து பல நாடுகளுக்குப் போனது. இப்போது ஆதரவுக் குழுக்கள் நேரிலும் உண்டு, போனிலும் உண்டு. சேரும் முன் பாருங்கள்: அதே வகைக் கேன்சர் உள்ளவர்கள் இருக்கிறார்களா, பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துகிறாரா. அங்கே யாராவது கீமோவை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள் என்று பொடியோ கஷாயமோ விற்க ஆரம்பித்தால் அன்றே வெளியேறிவிடுங்கள். ‘இயற்கையானது’ என்று வருவதெல்லாம் பாதிப்பில்லாததும் இல்லை, சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையையே குறைத்துவிடும். எதைக் கொடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் அந்தப் பாட்டிலைக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

சிகிச்சைக்கு முன்பே கேட்டாக வேண்டியவை

சில உதவிகள் தாமதமானால் பயனில்லாமல் போய்விடும். இனி குழந்தை வேண்டும் என்று நினைக்கும் வயதில் இருப்பவர் என்றால், கீமோவோ இடுப்புப் பகுதி ரேடியேஷனோ தொடங்கும் முன்பே கருவுறுதல் நிபுணரைப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு விந்தணுவைச் சேமிப்பது ஓரிரு நாள் வேலை, பெண்களுக்கு முட்டையைச் சேமிக்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். கூச்சத்தால் யாரும் பேச்செடுக்க மாட்டார்கள், நீங்கள் எடுங்கள்.

தலை, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் என்றால் அதற்கு முன் பல் டாக்டர். பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. விழுங்குவதற்கும் வாய் திறப்பதற்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட்டையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். வயிற்றில் ஸ்டோமா பை (வயிற்றில் போடும் துளை வழியாகக் கழிவைச் சேர்க்கும் பை) வைக்கப் போகிறார்கள் என்றால், உட்கார்ந்து நின்று பார்த்து இடத்தைக் குறித்துத் தர ஸ்டோமா நர்ஸ் அறுவைக்கு முன்பே வர வேண்டும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்க வாய்ப்புண்டு, மோதிரம் இறுகுகிறது, கை கனக்கிறது என்ற முதல் அறிகுறியிலேயே பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். எடை குறைகிறதென்றால் டயட்டீஷியன். மார்பகம், சினைப்பை போன்ற கேன்சர் குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் மரபணு ஆலோசகரைக் கேளுங்கள், இந்தக் கேன்சர்களோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுவில் பெற்றோர் ஒருவருக்குக் கோளாறு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு, மகன்களுக்கும் சேர்த்துத்தான்.

பார்த்துக்கொள்பவருக்கு

ஒருநாள் ஊசி போட வந்த நர்ஸ் அம்மாவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “நீங்க படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சும்மா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை.

பார்த்துக்கொள்பவரும் அந்தக் குழுவிடம் உதவி கேட்கலாம், ஆலோசகரிடம் தனியாக நேரம் கேட்கலாம். நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது, படுக்கைப்புண் வராமல் திருப்புவது, குழாயைச் சுத்தம் செய்வது, இதையெல்லாம் டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸிடம் செய்துகாட்டச் சொல்லி, அவர் முன்னாலேயே நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். நோயாளியைச் சில நாள் பொறுப்பெடுத்துக்கொண்டு குடும்பத்துக்கு ஓய்வு தரும் ஹாஸ்பிஸ்களும், வீட்டுக்கே வரும் குழுக்களும் உண்டு, விசாரியுங்கள்.

“ஏதாவது வேணும்னா சொல்லு” என்பவர்கள் நிறைய பேர். அவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள், என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வேலையைப் பிரித்துக் கையில் கொடுங்கள். “வியாழக்கிழமை கீமோவுக்கு நீ கூடப் போ.” “சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் வந்து உட்கார், நான் தூங்கணும்.” “அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்கிற எல்லாருக்கும் நீயே செய்தி அனுப்பிடு.” அந்தக் கடைசி வேலையைச் சித்தி மகள் எடுத்துக்கொண்ட நாளில் என் போன் முதல்முறையாக அமைதியானது.

குழந்தைகளிடம் மறைக்காதீர்கள். அவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும், தெரியாததைத் தாங்களாகவே கற்பனை செய்துகொள்வார்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள், இது தொற்றாது, நீ செய்த எதனாலும் இது வரவில்லை, உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது முடிவாகிவிட்டது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். பள்ளியில் ஓர் ஆசிரியருக்காவது தெரிந்திருப்பது நல்லது.

சிகிச்சை முடிந்த பிறகு

எல்லோரும் வாழ்த்திவிட்டுப் போன பிறகுதான் சிலருக்குப் பயமே ஆரம்பிக்கும், ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தின வாரமும் தூக்கம் போகும். அசதியும் மறதியும் மாதக்கணக்கில் இருக்கலாம். அடுத்தடுத்த பரிசோதனைகளின் அட்டவணை, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், பல வருடம் கழித்து வரக்கூடிய பக்கவிளைவு என்ன, இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆலோசகரும் ஆதரவுக் குழுவும் அப்போதும் உங்களுக்கு உண்டு.

எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. அம்மா பதினான்காவது மாதம், வீட்டில், தன் கட்டிலில் போனாள். பாலியேட்டிவ் குழு அதற்கு முன்பே எங்களோடு உட்கார்ந்து, மூச்சு எப்படி மாறும், எந்த மருந்தை எப்போது கொடுப்பது, யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் சொல்லியிருந்ததால் அந்த ராத்திரி நாங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தோம். எங்கே, எப்படி என்ற இந்தப் பேச்சை நோயாளியோடு, அவர் பேச முடிகிற காலத்திலேயே பேசிவிடுங்கள், எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் அந்தக் குழுவையே தொடங்கிவைக்கச் சொல்லுங்கள்.

இழப்புக்குப் பிறகு குடும்பத்தைப் பார்ப்பதும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான், இதுவும் பலருக்குத் தெரியாது. மிச்சமிருக்கும் மார்ஃபினை வீட்டில் வைக்காமல் எண்ணி அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுக்கப் போனது ஆறாவது வாரம். அதே பாலியேட்டிவ் நர்ஸ் மாத்திரைகளை எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “உக்காருங்கம்மா, இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?” என்றார். நோட்டு பையில் இருந்தது, ஆனால் அதைத் திறக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன்.